நானூற்று நான்காம் அறையின் இரண்டு ஜன்னல்கள்

குழித்துறை ஆற்றங்கரையில் இருக்கும் பவளம் ரெசிடென்சியில் பிந்து ஒன்பது வருடங்களாக வேலை செய்கிறாள். அறைகளைக் கூட்டித் துடைப்பது, படுக்கை விரிப்புகளை மாற்றுவது, குளியலறையைக் கழுவுவது எல்லாம் அவள் வேலை. நான்கு மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி முழுக்க அவள் பொறுப்பு.

பிள்ளைகளோடு வந்து தங்கியவர்களின் அறை என்றால் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும் என்பாள். தலையணைகள் தரையில் கிடக்கும். சோப்பு வாளிக்குள் கரைந்து போயிருக்கும். ஜன்னல் கண்ணாடியில், அவள் இடுப்பு உயரத்தில், மூக்கும் உள்ளங்கைகளும் பதிந்த அடையாளம் இருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையையும் திற்பரப்பு அருவியையும் பார்க்க வந்த பிள்ளைகள் கடைசியில் அதிக நேரம் பார்த்தது இந்த ஆற்றைத்தான் என்று அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது நினைத்துக்கொள்வாள். ஆனால் அவள் நின்று பார்த்ததில்லை. பதினோரு மணிக்குள் எட்டு அறைகளை முடிக்க வேண்டியவளுக்கு ஜன்னல் என்பது துடைக்க வேண்டிய கண்ணாடி, அவ்வளவுதான்.

அவள் கணவன் வினோஜ் பஹ்ரைனில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருக்கிறான். மூன்று வருடங்களுக்கு முன் மகள் அபிதாவுக்குப் பத்து வயது, மகன் பிரபினுக்கு ஆறு. ஹோட்டலிலிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே, ஆற்றோரமாகத் தாழ்ந்து கிடக்கும் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் அவர்கள் வீடு இருந்தது. அந்த வருடம் ஐப்பசி கடைசியில், மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. பேச்சிப்பாறை அணை நிறைந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம் பிந்து வேலையில் இருந்தபோது அபிதா போன் செய்தாள்.

"எம்மா, முற்றத்துல வெள்ளம் ஏறிட்டு. அடுக்களைப் படி வரைக்கும் வந்தாச்சு."

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். வரவேற்பு மேசையில் இருந்த மேனேஜர் தாணுலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். ரயில் ஓடாததால் புதிதாக யாரும் வரவில்லை, தங்கியிருந்தவர்களெல்லாம் முன்பே காலி செய்து போயிருந்தார்கள்.

"பிள்ளையளக் கூட்டிட்டு இங்க வா. நானூத்தி நாலு ஒழிஞ்சுதான கிடக்கு."

"அய்யோ, ரூமெல்லாம் வேண்டாம் சார். ஸ்டோர் ரூம்ல ஒரு பக்கத்துல கிடந்துக்கிடுவோம்."

"ஸ்டோர் ரூம் கீழயாக்கும் இருக்கு. வெள்ளம் வந்தா முதல்ல அங்கதான் வரும். முதலாளிக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ போ."

அன்று சாயங்காலம் ஒரு சாக்குப் பையில் துணி, பள்ளிப் புத்தகங்கள், ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகளோடு பிந்து தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹோட்டலின் முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். அதுவரை ஆறு வருடத்தில் அந்த வாசலைத் துடைத்திருக்கிறாளே தவிர, அதன் வழியாக வந்ததில்லை. லிஃப்ட் மேலே கிளம்பியதும் பிரபின் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"எம்மா, நாம பெரிய ஆளாயாச்சா?"

அறைக்குள் போனதும் அபிதா கட்டிலைச் சுற்றி நடந்தாள். விரிப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது நீ விரிச்சதாம்மா?"

"ஆமா மக்கா."

"ஒரு சுருக்கம்கூட இல்லியே! நான் இதுல உக்காந்தா கலைஞ்சு போகுமே."

தன் வேலையை ஒருவர் அப்படி நின்று பார்த்தது பிந்துவுக்கு அதுதான் முதல் தடவை. பிரபின் அதற்குள் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான்.

மூலையில் இருந்ததால் அந்த அறைக்கு மட்டும் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் ஆறு வரும் பக்கம் தெரியும், மற்றதில் ஆறு போகும் பக்கம். இருட்டுவதற்குள் பிந்து வினோஜை வீடியோவில் அழைத்து ஜன்னலுக்கு நேராகப் போனைப் பிடித்தாள். அவன் முகத்தைப் போனுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தான்.

"ஏட்டி, அது நம்ம ஆறா? கடலாட்டுல்லா கிடக்கு."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மழை சற்று விட்டது. அப்போதுதான் பிந்து ஆற்றை முழுதாகப் பார்த்தாள். தினமும் மக்கள் நடந்து கடக்கும், தண்ணீரை ஒட்டித் தாழ்வாகக் கட்டிய சப்பாத்துப் பாலம் இருந்த இடமே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு முறை உயர்ந்து மடங்கி விழுந்தது, அவ்வளவுதான். செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை, ஆறு ஒரே உடம்பாக நகர்ந்துகொண்டிருந்தது. முழுத் தென்னை மரங்கள் ஓலையோடும் குலையோடும் படுத்தபடி போயின. ஒரு வைக்கோல் போர் கலையாமல் மிதந்து போயிற்று. மூடிய கண்ணாடியைத் தாண்டி அதன் இரைச்சல் கேட்டது. கையை வைத்தால் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. இத்தனை நாளும் தன் வீட்டுப் பின்னால் துணி துவைத்த ஆறு இதுதானா என்று அவள் வாய் திறந்தபடி நின்றாள். பயம் இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கும்பிட வேண்டும் போல இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

"எம்மா, அந்தக் கிணத்து மேல ஒரு ஆளு இருக்காரு," என்றாள் அபிதா. அவள் ஆறு போகும் பக்கத்து ஜன்னலில் நின்றிருந்தாள்.

ஆற்றுக்குள் வட்டமாக ஒரு குடிநீர்க் கிணறு உண்டு. உயரமான சுவர், மேலே கான்கிரீட் கூரை, கரையிலிருந்து அங்கே போக ஓர் இரும்பு நடைபாலம். ஆற்றின் வளைவுக்கு அப்பால், தென்னந்தோப்புக்குப் பின்னால் இருப்பதால் கரைச் சாலையில் போகிறவர்களுக்கு அது தெரியாது. இப்போது நடைபாலத்தைக் காணவில்லை. கூரையின் மேல், மஞ்சள் சட்டை போட்ட ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் தூரத்துக்கு ஒரு சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தார்.

அவர் பெயர் முருகதாஸ், அந்தக் கிணற்றின் மோட்டார் ஆபரேட்டர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. விடியற்காலை மோட்டாரை நிறுத்தப் போனவர் திரும்பும்போது, நடைபாலத்தை அவர் கண்முன்னே வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. போன் நனைந்து செத்துவிட்டது. வேலை முடிந்ததும் அஞ்சுகிராமத்தில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்ததால் வீட்டிலும் யாரும் தேடவில்லை. அவர் அங்கே இருப்பது உலகத்தில் அந்தச் சிறுமி ஒருத்திக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பிந்து தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். இருபது நிமிடத்தில் அவர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் வண்டி நின்ற இடத்திலிருந்து அவர்களுக்குத் தோப்பும் தண்ணீரும் மட்டுமே தெரிந்தன. குழுவின் தலைவர் அவளைத் திரும்ப அழைத்தார்.

"எங்கம்மா இருக்காரு? எங்களுக்கு ஒண்ணும் தெரியல."

"நீங்க நிக்கிற இடம் எனக்குத் தெரியுது சார். சிவப்பு வண்டி. அங்கேந்து இன்னும் கீழ போகணும். ஒரு மஞ்சள் மாடி வீடு வரும், அதுக்கு நேரயாக்கும் கிணறு."

"நீங்க லைன்லயே இருங்க. வைக்காதீங்க."

அவள் பேசிக்கொண்டிருந்தபோதே கூரையின் மேல் இருந்தவர் எழுந்து நின்றார். கிணற்றுச் சுவரில் வெள்ளையாக ஒரு பட்டை அடித்திருந்தது. எட்டு மணிக்கு முழுதாகத் தெரிந்த பட்டை இப்போது பாதியாகிவிட்டிருந்தது. அவர் சட்டையைக் கழற்றினார். வேட்டியை வரிந்து கட்டினார். கூரையின் விளிம்புக்கு வந்தார்.

"எம்மா, சாடப் போறாரு!" என்று அபிதா கத்தினாள்.

அந்தத் தண்ணீரில் குதித்தால் நீந்திக் கரையேற யாராலும் முடியாது. மேலிருந்து பார்க்கிறவளுக்கு அது தெரிந்தது, கிணற்றின் மேல் தனியாக நிற்பவருக்குத் தெரியவில்லை. பிந்து போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, அதிலிருந்த சிவப்புக் கம்பளியை இழுத்தாள். ஜன்னலைத் திறந்து, இடுப்பு வரை வெளியே சாய்ந்து, கம்பளியை இரண்டு கைகளாலும் வீசினாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. பிரபின் அவள் சேலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டான். அவள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

முருகதாஸ் ஒரு காலை விளிம்பில் வைத்திருந்தார். தலை நிமிர்ந்தது. அசையாமல் நின்றார். பிறகு ஒரு கையை உயர்த்தினார்.

பிந்து கம்பளியைக் கீழ்நோக்கி இறக்கிக் காட்டினாள், மறுபடியும் இறக்கிக் காட்டினாள். உட்காரச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அவர் மெதுவாகப் பின்வாங்கி, கூரையின் நடுவில் உட்கார்ந்தார்.

தீயணைப்புப் படையினர் ரப்பர் படகோடு, கிணற்றுக்குச் சற்று முன்னால், ஆறு வரும் பக்கத்தில், கரையில் நின்ற ஒரு பெரிய புளிய மரத்தில் கயிற்றைக் கட்டினார்கள். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் படகைக் கிணற்றுக்கு இறக்குவது திட்டம். படகில் இரண்டு பேர். மேலேயிருந்து அடித்து வரும் மரங்கள்தான் பயம். வளைவில் நிற்பவர்களுக்கு மரம் வருவது மிகப் பக்கத்தில் வந்த பிறகே தெரியும்.

"சார், எனக்கு மேல இருந்து வாறது எல்லாம் இங்கேந்து தெரியும்," என்றாள் பிந்து. "நான் சொல்லுதேன்."

அபிதா அடுத்த ஜன்னலுக்கு ஓடினாள். அதன் பிறகு அவள் ஆறு வரும் பக்கத்தைப் பார்த்தாள், பிந்து ஆறு போகும் பக்கத்தைப் பார்த்தாள். பிரபினுக்குக் கம்பளி. சில நிமிடங்களுக்கு ஒரு முறை அதை அவன் ஆட்ட வேண்டும், அங்கே அந்தக் கை உயர வேண்டும்.

"எம்மா, ஒரு மரம் வருது. நடு ஆத்துல. பெரிசு."

"சார், மரம் வருது. நடுவுல. படக விடாதிய."

போனில் அந்தப் பக்கம் "பிடி, பிடி" என்று குரல்கள் கேட்டன. படகு கரையோரமாக இழுக்கப்பட்டது. வேர்க்கட்டை மேலே தூக்கியபடி ஓர் அயனி மரம் சுழன்று சுழன்று படகு இருந்த இடத்தைக் கடந்து போயிற்று.

"இப்பம் போலாமா?"

பிந்து மகளைப் பார்த்தாள். அபிதா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ரெண்டு தென்னை வருது. அது போகட்டும்."

"இன்னும் ரெண்டு வருது சார். பொறுங்க."

நான்கு தடவை படகு இறங்கியது, நான்கு தடவை இழுக்கப்பட்டது. வெள்ளைப் பட்டை முழுதாக மறைந்தது. பதினொன்றரை மணிக்கு, ஆறு ஒரு மூச்சு விட்டது போல, மேலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் தண்ணீராக இருந்தது.

"எம்மா, ஒண்ணும் இல்ல. சுத்தமா ஒண்ணும் இல்ல."

"இப்பம் போங்க சார்! இப்பம்!"

படகு கிணற்றைத் தொட்டது. ஒருவர் கூரையைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் முருகதாஸின் கைகளை நீட்டச் சொன்னார். மஞ்சள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் படகுக்குள் இறங்கியதை பிந்து பார்த்தாள். கயிறு விறைத்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, தோப்புக்குள் மறைந்தது. போனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு தலைவரின் குரல்.

"கரைக்குக் கொண்டு வந்தாச்சும்மா. ஆளு நல்லா இருக்காரு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். பிரபின் இன்னும் கம்பளியை ஆட்டிக்கொண்டே இருந்தான். அபிதாதான் போய் அதை வாங்கி மடித்து வைத்தாள், அம்மா மடிப்பது போலவே, ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

ஆறு நாட்கள் அவர்கள் அந்த அறையில் தங்கினார்கள். வெள்ளம் வடிந்தபோது வீட்டின் அடுக்களைச் சுவர் விழுந்திருந்தது, முழங்கால் ஆழத்துக்குச் சேறு நின்றது. வினோஜ் விடுப்பெடுத்து வந்து, மேட்டுப் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். பிந்து மறுபடியும் நான்காவது மாடியில் வேலைக்குப் போனாள். இப்போதும் போகிறாள். தாணுலிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்வார். அவள் அந்தப் பக்கமே நிற்க மாட்டாள்.

தை மாதத்தில், ஆறு இளைத்துக் கண்ணாடி போலத் தெளிந்த பிறகு, முருகதாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அவள் வீட்டுக்கு வந்தார். கிணற்றுக்குப் புது நடைபாலம் போட்டிருந்தார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். எல்லாருமாகப் போனார்கள். நடைபாலத்தில் பிந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கீழே, மணலுக்கு மேல் கணுக்கால் அளவு தண்ணீரில் சின்ன மீன்கள் திரிந்தன. இந்த மணல்தான் அன்று அத்தனை ஆழத்துக்குக் கீழே கிடந்தது என்று நம்ப முடியவில்லை.

கூரைக்கு ஏறிய பிறகு முருகதாஸ் ஹோட்டல் இருக்கும் திசையைக் காட்டினார்.

"அங்கோட்டுப் பாருங்க. உங்க ஜன்னல் தெரியுதா?"

பிந்து தேடினாள். தென்னைகளுக்கு மேலே வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. அதன் மூலையில், ஒரு தீப்பெட்டியைவிடச் சிறியதாக ஒரு கறுப்புப் புள்ளி.

"அதுவா? அவ்வளவு தூரமா?"

"அதுதான்," என்றார் அவர். "சாடுறதுக்குக் கால வச்சிட்டேன் மோளே. அப்பந்தான் அந்தச் செவப்பு ஆடிச்சு. யாரோ என்னப் பாத்துட்டு இருக்காவன்னு தெரிஞ்ச பெறகு, சாட மனசு வரல."

அவர் மனைவி அபிதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அபிதா வெட்கப்பட்டுக் கைகளை இழுத்துக்கொண்டாள்.  பிந்து அந்தச் சின்னப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, வெயில் ஏறும் வரை அங்கே நின்றாள்.