நூலில் தைத்த உயில்

மருத்துவமனைப் பதிவறையில் அவளுக்குப் பின்னக்கா என்று பெயர் விழுந்து முப்பது வருடம் ஆகிறது. எந்த நோயாளியின் கோப்பும் அலமாரிக்குப் போகும் முன் அவள் மேசைக்கு வரும். தாள்களைக் கவ்வியிருக்கும் இரும்புப் பின்னை நகத்தால் நெம்பி உருவுவாள். ஓரத்தில் ஊசியால் மூன்று துளையிட்டு, வெள்ளை நூலால் தைத்து முடிச்சுப் போடுவாள். பின் துருப்பிடித்தால் தாளை அரிக்கும், நூல் அரிக்காது. அது அவளுடைய முதல் மேலதிகாரி வைத்த விதி. அவர் ஓய்வு பெற்றார், அவருக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்றார். விதி மட்டும் அவள் விரலில் தங்கிவிட்டது.

"அக்கா கையில கல்யாணப் பத்திரிகையக் குடுத்துடாதீங்கப்பா, தைச்சு நம்பர் போட்டு அலமாரியில வச்சுடுவாங்க" என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அவளுடைய அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர், தனக்கென்று கட்டியது மாடியில்லாத ஒரு வீடு. காரணம் இருந்தது. அண்ணிக்கு ஒரு தங்கை, இடது கால் சிறு வயதிலேயே சூம்பிப் போனவள். அக்காவோடு கூடவே அந்த வீட்டுக்கு வந்தவள். பின்னக்காவும் தெருக்காரர்களும் அவளைச் சின்னண்ணி என்றுதான் சொல்வார்கள். அண்ணன், வாசலிலிருந்து பின்பக்கக் குழாய்வரை சுவரோரமாக அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கைப்பிடி அடித்து வைத்தார். சமையலறை மேடையை உட்கார்ந்தபடியே எட்டும்படி இறக்கினார். நிலைப்படிகளை எல்லாம் உளியால் செதுக்கித் தரையோடு தரையாக்கினார். பகலில் முன்னறையில் ஐந்து குழந்தைகள் தவழும். வேலைக்குப் போகும் தாய்மார்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகள். சின்னண்ணியின் பிழைப்பு அதுதான்.

அண்ணி இறந்து பதினொரு வருடம். அதற்குப் பிறகும் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்குத் தெரு நாலு விதமாகப் பேசியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அண்ணன் காதில் வாங்கவில்லை. ஒரு காலையில் பல் துலக்கப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்துவிட்டார். குழாயை மூடியது சின்னண்ணிதான். அவரைத் தூக்க அவளால் முடியவில்லை.

எட்டாம் நாள் பிற்பகல், இரும்பு பீரோவின் மேல்தட்டில் பழைய சட்டைகளுக்கு அடியில் உயில் கிடைத்தது. கோடு போட்ட இரண்டு தாள், அண்ணனின் கையெழுத்து, ஒரு பக்கம் துருவேறிய ஒரு பின். பின்னக்கா நின்றபடி ஒருமுறை படித்தாள், உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள். வீடு சின்னண்ணிக்கு. கருவிப்பெட்டி தம்பிக்கு. 'இதையெல்லாம் நடத்திக்கொடுக்கும் பொறுப்பை என் தங்கையிடம் ஒப்படைக்கிறேன், அவள் காகிதத்தைப் பத்திரமாக வைப்பவள்.' அவ்வளவுதான். தனக்கென்று ஒரு டம்ளர்கூட இல்லை. வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தாள்களைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மறுநாள் உயிலை நகல் எடுக்கப் பதிவறைக்குக் கொண்டுபோனாள். அவள் மேசை, அவள் நாற்காலி, பக்கத்தில் ஊசி, நூல். நகல் எடுத்து முடித்துத் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, அண்ணனின் உயில் வெள்ளை நூலில், மூன்று துளையில், அழகாகத் தைக்கப்பட்டு மேசைமேல் கிடந்தது; தைத்தது அவள் கையேதான். துருப்பிடித்த பின் குப்பைக்கூடைக்குப் போய், கூடையும் காலியாகிவிட்டிருந்தது. அதில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தவர் வக்கீல். உயிலை உறுதிப்படுத்தக் கோரி அவருடைய குமாஸ்தா மனு தாக்கல் செய்து மூன்று வாரம் கழித்து நீதிமன்றப் பதிவகத்திலிருந்து உயிலைக் கேள்வியோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"உயில்ல ஓட்டை இருக்குன்னு நாங்க பேச்சுக்குச் சொல்லுவோம். நீங்க நிஜமாவே போட்டுட்டீங்களேம்மா."

"துருப்பிடிச்சிருந்துச்சு சார்."

"இருந்துட்டுப் போகட்டுமே! இங்க பாருங்க. பின் குத்தின ரெண்டு ஓட்டை இருக்கு, துருக்கறை இருக்கு, பின்னைக் காணோம். புதுசா மூணு ஓட்டை, நூல். பக்கத்துக்கு நம்பரும் இல்ல. முதல் பக்கம் முற்றுப்புள்ளியோட முடியுது, அடுத்தது புது வரியில ஆரம்பிக்குது. நடுவுல ஒரு பக்கம் இருந்து யாரோ எடுத்துட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னா என்ன பதில் சொல்லுவீங்க?"

"யார் சொல்லப் போறா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உயில் செல்லாதுன்னா வீடு யாருக்குப் போகும் தெரியுமில்ல? இறந்தவருக்குப் பிள்ளை இல்ல. உங்களுக்குப் பாதி, உங்க தம்பிக்குப் பாதி. அந்தம்மாவுக்கு ஒரு செங்கல்கூட இல்ல."

அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். கைப்பிடி இல்லாத சுவர்களுள்ள ஏதோ ஒரு வாடகை அறையில், சின்னண்ணி சுவரைத் தடவித் தடவி நகர்வது கண்முன் வந்து வந்து போனது.

தம்பிக்குச் சேதி எட்ட இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். பேச்சிலும் யாருக்கும் வழி விடமாட்டான்.

"மூணாவது பக்கம் எங்கக்கா?"

"மூணாவது பக்கம்னு ஒண்ணு இல்லடா."

"அண்ணன் என்கிட்டச் சொன்னாரு. 'உனக்கும் எழுதி வச்சிருக்கேன்டா'ன்னு, அவரு வாயாலயே சொன்னாரு."

"கருவிப்பெட்டி எழுதியிருக்காரே."

"ஸ்பானருக்கா உயில் எழுதுவாங்க? யாருகிட்டக் கதை விடுற? உனக்கு ஒண்ணும் இல்லங்கிற வயித்தெரிச்சல், எனக்கும் இருக்கக் கூடாதுன்னு உருவிட்ட."

"அப்படி நெனைச்சா மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டிருப்பேனே. பாதி வீடு வந்திருக்குமே!"

"வந்திருக்கும். இப்பவும் வரும். அதான் எனக்குப் புரியல. நீ ரொம்ப நல்லவளா, இல்ல எங்க ரெண்டு பேரையும் ஏமாத்துறியா?"

அவன் போன பிறகும் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று தேநீருக்கு எழுந்து போகும் முன் விரல் போன போக்கை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பின்னை உருவிய கணம் மட்டும் நினைவில் இல்லை. முந்தின நாள் தன் பெயரைத் தேடித் தாள்களைத் திருப்பிப் பார்த்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது. தன் உயிலைத் தங்கையே பத்திரப்படுத்திக் கெடுப்பாள் என்று அண்ணன் நினைத்திருப்பாரா? கை பழக்கத்தில் போனதா, இல்லை மனம் சொல்லி அனுப்பியதா? யாரிடம் போய்க் கேட்பது?

சின்னண்ணியிடம் நடந்ததை அவளே போய்ச் சொன்னாள். சின்னண்ணி மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அடுத்த முறை போனபோது, வழக்கமான எவர்சில்வர் டம்ளருக்குப் பதிலாக விருந்தாளிகளுக்கு எடுக்கும் கண்ணாடிக் கோப்பையில் டீ வந்தது. அடியில் சாசரும் இருந்தது. பின்னக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பிரமாண வாக்குமூலம் தயாரானது. 'பழக்கத்தின் காரணமாக, உள்நோக்கம் ஏதுமின்றி' என்று வக்கீல் எழுதியிருந்தார். 'உள்நோக்கம் ஏதுமின்றி' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குக் கீழே தன் கைப்பட ஒரு வரி சேர்த்தாள். உயில் செல்லாமல் போனால் எனக்குப் பாதி வீடு கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும்.

"இது எதுக்கும்மா? யாரும் கேக்கலையே" என்றார் வக்கீல்.

"கேக்கலைன்னா சொல்லாம இருக்கலாமா சார்?"

விசாரணை, நீதிமன்றத்தின் மூன்றாம் மாடியில், கோப்புகள் கூரைவரை அடுக்கிய ஓர் அறையில் நடந்தது. பதிவக அதிகாரி நரைத்த தலை அம்மாள். உயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபது வருஷ சர்வீஸ்ல தைச்ச உயிலை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். தையல் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். மிச்சம் இருந்தவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். எத்தனை தாள் என்று அதிகாரி கேட்டார்.

"நான் கடைசிப் பக்கத்துலதான் கையெழுத்துப் போட்டேன் மேடம். கடையில கூட்டம். ரெண்டு இருக்கும். மூணுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ரெண்டுன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது."

வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பின்னக்காவின் முறை வந்தது. ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டபோது, துரு, நூல், விதி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே நொண்டிச் சாக்காகக் கேட்டது.

"அம்மா, ஒரு மனுஷனோட கடைசிக் காகிதத்தைப் பழக்க தோஷத்துல பிரிச்சேன்னு சொன்னா நம்புற மாதிரியா இருக்கு?" என்றார் அதிகாரி. அதட்டலாகச் சொல்லவில்லை. அதனாலேயே பின்னக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பியை அழைத்தார்கள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"இவ இப்படித்தான் மேடம்! காகிதத்தைப் பார்த்தா கை சும்மா இருக்காது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி துறைமுகத்துல எனக்கு வேலைக்கு நேர்காணல். சர்டிபிகேட் எல்லாம் வரிசையா பின் போட்டு வச்சிருந்தேன். காலையில பார்த்தா மொத்தத்தையும் தைச்சு வச்சிருக்கா. அங்க ஒருத்தர் பத்தாவது மார்க் சீட்டை மட்டும் குடுன்னார். நூல் வரல. பல்லால கடிச்சேன். தாள் கிழிஞ்சுது. அஞ்சு பேர் உக்காந்து சிரிச்சாங்க. வேலை போச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டதில்ல!"

பின்னக்கா தலை நிமிர்ந்தாள். அந்த வேலை கிடைக்காததற்கு அவன் இதுவரை வேறு ஏதோ காரணம்தான் சொல்லியிருந்தான்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "அப்போ இவங்களுக்கு இந்தப் பழக்கம் ரொம்ப நாளா இருக்குன்னு சொல்றீங்க."

"பழக்கமா? வியாதி மேடம்!"

"இதை உங்க வாக்குமூலமா எழுதிக்கலாமா?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வக்கீல் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை மாற்றிப் பேசினால் போதும், பாதி வீடு. தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோங்க" என்றான். "நடந்ததுதானே."

வெளியே வந்ததும் படிக்கட்டில் அவள் அவன் கையை எட்டிப் பிடித்தாள். "எனக்குத் தெரியாதுடா. நீ சொல்லவே இல்லையே."

"விடுக்கா. உனக்காக ஒண்ணும் சொல்லல" என்று கையை உருவிக்கொண்டான். "மூணாவது பக்கம் இருந்துச்சா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது. அது வேற." இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான். கருவிப்பெட்டியை வந்து எடுத்துப் போகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதைச் சொல்லும் நேரமில்லை அது.

ஏழு வாரம் கழித்து ஆணை வந்தது. உயில் செல்லும். வீடு சின்னண்ணிக்கு. பின்னக்கா அந்தத் தாளை உறையிலிருந்து எடுக்காமலே கொண்டுபோனாள். மாலை, கடைசிக் குழந்தையும் போய்விட்டிருந்தது. சின்னண்ணி தரையில் சிதறிக் கிடந்த மரக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆணையை வாங்கி, எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள். அழவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் பின்னக்கா. "கோர்ட்டுல எல்லாம் சொன்னேன், இதைச் சொல்லல. உயிலைப் படிச்சப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையேன்னு ஒரு நிமிஷம் மனசு கசந்துச்சு. மறுநாள்தான் பின்னைப் பிடுங்கினேன். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையான்னு எனக்கே தெரியல."

சின்னண்ணி கட்டைகளைப் பெட்டிக்குள் போட்டாள். ஒவ்வொன்றாக.

"நானும் ஒண்ணு செஞ்சேன்க்கா. விசாரணைக்கு முந்தின நாள் வந்தீங்கல்ல, முகம் கழுவப் போனீங்க. உங்க கைப்பையைத் தெறந்து பார்த்தேன். அந்த மூணாவது பக்கம் இருக்கான்னு."

பின்னக்காவுக்குச் சுருக்கென்றது. நியாயம்தானே என்று அடுத்த மூச்சில் தோன்றியது.

"இருந்துச்சா?"

"தலைவலி மாத்திரை இருந்துச்சு. கண்ணாடி இருந்துச்சு. பாதி கடிச்ச பிஸ்கட் ஒண்ணு, காகிதத்துல சுத்தி."

"அது உங்க வீட்டுக் குழந்தை குடுத்தது."

"எந்தக் குழந்தை?"

"அந்தச் சுருட்டை முடி."

"அது எல்லாருக்கும் கடிச்சுத்தான் குடுக்கும்" என்றாள் சின்னண்ணி. கைப்பிடியைப் பற்றி எழுந்து, சுவரோரமாகவே சமையலறைக்குப் போனாள். உள்ளே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. எவர்சில்வர் டம்ளர் வருமா, கண்ணாடிக் கோப்பை வருமா என்று தெரியாமல் பின்னக்கா முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். எது வந்தாலும் சூடாகவே குடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.