தரையில் விரித்த உலகம்

பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சரான அவளுக்குக் ‘கடைசிப்பாடம்’ என்று பட்டப்பெயர். ஆறாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் பன்னிரண்டு பாடங்கள். முதல் பாடம் அண்டம். பிறகு கோள்கள், கண்டங்கள், கடல்கள், நாடு. கட்டக்கடைசியில் ‘நம் ஊர்’. அதற்குள் பரீட்சை வந்துவிடும். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டிய கதைதான்.

அவளும் பல வருடம் அப்படித்தான் நடத்தினாள், மறைப்பானேன். ஒருநாள் சும்மா, “வடக்கு எங்க இருக்கு, காட்டுங்க” என்றாள். நாற்பது விரல்களும் கூரையைக் காட்டின. சுவரில் தொங்கும் வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது, பிள்ளைகள்மேல் என்ன தப்பு? அவளுக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

மறுநாளே வரைபடம் தொங்கிய ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அன்றிலிருந்து எந்த வரைபடமானாலும் பெஞ்சுகளை ஓரம் தள்ளி, தரையில் விரித்து, வடக்கை ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் பாடம். பன்னிரண்டாம் பாடம் முதலில். பிள்ளைகள் தெருவைக் காலடியால் அளந்தார்கள், சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சண்டை போட்டார்கள். அண்டம் வருடக் கடைசியில் வந்தது.

இந்த வருடம் பள்ளி ஆய்வாளர் முன்னதாகவே வந்துவிட்டார். “சூரியனைச் சுத்தி எத்தனை கோள்?” என்று கேட்டார். ஒரு பெண் எழுந்து, “சார், நாங்க இன்னும் ரயில்வே கேட்டையே தாண்டல” என்றாள்.

பக்கத்து வகுப்பில், புத்தக வரிசைப்படியே நடத்தும் ‘கோள் சார்’ பிள்ளைகள் எட்டுக் கோள்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். ஆய்வாளர் முகம் மலர்ந்து போனார்.

தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். புத்தக வரிசைப்படியே நடத்துவேன் என்று உறுதிமொழி. “கையெழுத்துப் போட்டுடுங்க. இல்லன்னா புவியியலை உங்ககிட்ட இருந்து எடுத்துடுவேன். தையல்தான் மிச்சம் இருக்கு.”

“யோசிச்சுச் சொல்றேன் மேடம்” என்று வாங்கிக்கொண்டாள். யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வகுப்பு போய்விட்டால் அவளிடம் வேறென்ன இருக்கிறது?

வீட்டில் பஸ் ஓட்டுநரான கணவர் சீருடையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “போட்டுத் தொலையேன். வேலியில போற ஓணானை எதுக்கு மடியில விட்டுக்கிற?”

“உங்க பஸ் எங்கிருந்து கிளம்புது?”

“இதென்ன கேள்வி? நிக்கிற இடத்துல இருந்துதான்.”

“பிள்ளைங்களை மட்டும் சூரியன்ல இருந்து கிளம்பச் சொன்னா எப்படிங்க?”

அவர் கழற்றிய சட்டையைக் கொடியில் போட்டார். “கையெழுத்து போடாத” என்றார்.

காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், ‘முடியாது’ என்று முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தாள். தலைமை ஆசிரியையும் சொன்ன சொல் தவறாதவர். திங்கட்கிழமை அவள் கையில் ஊசியும் நூல்கண்டும் இருந்தன.

தையல் அறை அவள் விட்டு வந்த ஆறாம் வகுப்புக்கு நேர் கீழே. மேலே கோள் சார் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வோர் அடியும் தன் தலையில் விழுவதுபோல அவளுக்கு இருந்தது. உலக வரைபடத்தை மாட்டுகிறார். கண்ணில் நீர் முட்டியதில் ஊசியில் நூல் ஏறவில்லை.

பிறகு மேலே ஒரு பெஞ்சு கிறீச்சென்று நகர்ந்தது. இன்னொன்று. தொடர்ந்து தடதடவென்று எல்லாப் பெஞ்சுகளும்.

“டேய்! எதுக்குடா அதைக் கழட்டுறீங்க?” கோள் சாரின் குரல் மாடிப்படி வரை வந்தது.

“தரையில விரிக்கணும் சார்!” இது ரயில்வே கேட் பெண்ணேதான். “நீங்க வடக்கை மிதிச்சுட்டு நிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்.”

மேலே கோள் சாரின் கனத்த செருப்புச் சத்தம் இரண்டடி நகர்ந்தது.

தையல் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். முதல் வரிசைப் பெண்ணிடம், “இந்தா, இதுல நூலைக் கோத்துக் குடும்மா” என்று ஊசியை நீட்டினாள்.