சுவரில் ஈரச் சுண்ணாம்பு

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மலாயாவில், சுங்கைப் பட்டாணிக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், ஜப்பான்காரன் வருவதற்கு வெகுகாலம் முந்தி. கூலிக்காரர்களின் லயத்தில் கடைசி வீடு எங்களுக்கு. மூங்கில் தட்டியில் மண் அப்பிய உள்சுவர் பாதி உதிர்ந்து கிடந்தது, பொந்துக்குள்ளிருந்து பூரான் பூரானாக வரும். பிரசவத்துக்குத் தாய்வீடு போன என் மனைவி செல்லம்மா, சுவரை அடைக்காமல் பிள்ளையைக் கொண்டுவரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நானோ பிள்ளையின் முகத்தை இன்னும் சரியாகப் பார்த்தது கூட இல்லை.

சுவர் வேலை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. மண் ஒட்டட்டுமே என்று ரப்பர் பாலை ஊற்றிக் குழைத்துத் தொலைத்தேன். மறுநாள் அது முழுசாகச் சுருண்டு, பாய் மாதிரி உரிந்து வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாரியண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் தம்பி, செவுத்துக்கும் ரப்பர் ஷீட்டு போடுறியா? கங்காணி பாத்தா தோல உரிச்சிடுவான்லா. பழைய மண்ண நனைச்சிட்டு, சாணியும் லாலான் புல்லும் போட்டு மிதிச்சு அப்பு."

அப்படியே செய்தேன், நின்றது.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தால், வெற்றிலை போடுகிறவர்கள் மிச்சச் சுண்ணாம்பைச் சுவரில் இழுத்துத் தேய்ப்பார்களே, அந்த மாதிரி புதுச் சுவரில் ஒரு கோடு. தொட்டால் ஈரம். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. எவனோ விளையாடுகிறான் என்று சுரண்டி எறிந்தேன். மறுநாளும் அதே இடத்தில் வந்தது. மேலே மண் அப்பினேன், அதன் மேலும் வந்தது. தெரிந்தால் செல்லம்மா வரவே மாட்டாள் என்பதால் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அவள் பிள்ளையோடு வந்தாள். அன்றிலிருந்து கோடு வரவில்லை, நானும் அதை மறந்தேன்.

ஒரு மதியம் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, தோளில் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்போடு வந்துகொண்டிருந்தேன், பிள்ளை வீறிட்டது. கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்த செல்லம்மா எழுந்து ஓடினாள், கம்பைப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே நானும் ஓடினேன். பாயில் ஒரு பெரிய பூரான் நசுங்கிக் கிடந்தது. பிள்ளையின் கால் வீங்கியிருந்தது. கடிவாயில் சுண்ணாம்பு, ஈரம் கூடக் காயவில்லை.

"நல்லவேளை, சுண்ணாம்பு வெச்சீங்க," என்றாள் செல்லம்மா. "கிணத்தடியிலேருந்து வாசல் வழியா பாத்தேன், புள்ள மேல குனிஞ்சிக்கிட்டு இருந்தீங்க. அதுக்குள்ள எப்படி வெளிய போனீங்க?"

அந்த வீட்டுக்கு ஒரே வாசல். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். இன்றும் அந்தப் பேச்சு வந்தால் செல்லம்மா, "வெறும் முதுகோட குனிஞ்சிருந்தீங்களே, உங்க முதுகு எனக்குத் தெரியாதா?" என்பாள். கொசுவுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை போடாமல் நான் ஒரு நாளும் மரம் வெட்டப் போனதில்லை. அன்றும் அந்தச் சட்டையோடுதான் அவள் பின்னால் ஓடினேன்.