வாயை மூடிக்கொண்டு செய்த ஜெபம்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, கேன்சரிலிருந்து சுகம் பெற்றவர்களும் கடனிலிருந்து விடுதலை பெற்றவர்களும் சாட்சி சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு வந்த நோய் பொறாமை. அதற்கு ஸ்கேனும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. அதுவும் சொந்த மச்சினன் மேல் வந்தது.

சங்கரன்கோவிலில் எனக்குச் சொந்தமாகச் சில விசைத்தறிகள் ஓடுகின்றன. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் குரல் பெரிதாகிவிட்டது. ஊழியத்தில் அது எனக்குப் பெருமை. புது வீடா, புது பைக்கா, பிள்ளைக்குப் பரீட்சையா, 'ஞானராஜ் அண்ணனைக் கூப்பிடுங்க' என்பார்கள். நான் ஜெபித்தால் அழாதவர்களும் அழுவார்கள்.

பைபிள் காலேஜுக்குப் போக வழியில்லாத குடும்பஸ்தர்கள் பாஸ்டராவதற்கு எங்கள் சபை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. வேலையை விட வேண்டாம். ஒரு வழிகாட்டியைக் கொடுப்பார்கள். ஆளைப் பார்த்து, அவரவர் குறையைப் பார்த்து, அவர் தனித்தனியாகப் பாடம் கொடுப்பார். நானும் என் மனைவி எஸ்தரின் தம்பி ஸ்டீபனும் போன ஆண்டு ஒன்றாகச் சேர்ந்தோம். எங்கள் வழிகாட்டி வாசுதேவநல்லூர் டேவிட் பாஸ்டர். என்னைவிட வயதில் சின்னவர்.

ஸ்டீபனுக்கு ரோமர் நிருபம், கிரேக்க எழுத்து, மாதம் ஒரு பிரசங்கம். எனக்கு என்ன தெரியுமா?

"அண்ணாச்சி, நீங்க வீடு சந்திக்கப் போங்க. ஆனா கொஞ்ச காலத்துக்கு யார் வீட்டுலயும் வாய்விட்டு ஜெபிக்காதீங்க. அவங்க சொல்லுதத மட்டும் கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது ஒரு படிப்பா? நம் ஜனங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு ஜெபிக்காமல் எழுந்து வருவது, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது மாதிரி. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு அம்மா சேலை முந்தானையைத் தலையில் போட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார். நான் "வாரேன்மா" என்று செருப்பை மாட்டினேன். ஞானராஜ் விசுவாசத்தில் பின்வாங்கிப் போனான் என்று சபையில் பேச்சு கிளம்பிவிட்டது.

அதே மாதம் ஸ்டீபன் பிரசங்கத்தில் ஒரு கிரேக்க வார்த்தையைச் சொன்னான். யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் ஆமென் என்றார்கள். "தம்பி நல்லா பேசுனான்லா?" என்று எஸ்தர் கேட்டபோது எனக்கு அன்றைய கறிக்குழம்பு இறங்கவில்லை. அடுத்த பிரசங்கத்தில் அவனுக்கு நாக்குக் குழற வேண்டும் என்று ஜெபித்தேன். ஆமாம், ஜெபித்தேன். அவன் முன்னைவிட நன்றாகப் பேசினான்.

அப்புறம் ஒரு நாள் காலையில் ஸ்டீபனின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நானும் எஸ்தரும் பின்னாலேயே பஸ் ஏறினோம். அவள் ஜன்னலோரம் அழுதுகொண்டு வந்தாள். 'கிரேக்கம் இப்ப என்ன செய்யும், பார்ப்போம்' என்று என் மனம் சொன்னது. அதைக் கேட்டு நானே பயந்துபோனேன்.

மூளைக் காய்ச்சல், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் வராண்டாவில் நின்ற எங்கள் சபைப் பெண்களெல்லாம் முந்தானையைத் தலையில் போட்டார்கள்.

"ஏங்க, ஜெபிங்க" என்றாள் எஸ்தர்.

டேவிட் பாஸ்டரின் கட்டளையை அந்த இடத்தில் மீறியிருந்தால் அவரே கோபித்திருக்க மாட்டார். வாயைத் திறந்தேன். வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன, எல்லாம் ஆட்களை அழவைக்கிற வார்த்தைகள். ஸ்டீபன் கேட்க வேண்டும், கேட்டு அசந்து போக வேண்டும் என்பதுதான் என் ஆசையாக இருந்தது. பிள்ளை அதில் இல்லவே இல்லை. வாயை மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏலே, என்னல ஆச்சு? சொல்லு."

அவன் தரையைப் பார்த்தபடி பேசினான். "அத்தான், எனக்கு ஜெபம் வர மாட்டேங்கு. படிக்கேன், படிக்கேன், முழங்கால் போட்டா ஒரு வார்த்த வர மாட்டேங்கு. அத்தான் மாதிரி எனக்கு ஏன் வரலன்னு பாஸ்டர்கிட்ட எத்தன தடவ அழுதிருக்கேன் தெரியுமா? உங்களப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல், அத்தான்."

பிள்ளை உள்ளே கிடக்கும்போது, அதைக் கேட்டு என் மனம் ஒரு நொடி இனித்தது. அந்த இனிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கண்ணை மூடவில்லை. உதட்டை அசைக்கவில்லை. 'ஆண்டவரே, பிள்ளை பிழைக்கட்டும். நான் ஜெபித்தது யாருக்கும் தெரிய வேண்டாம். இவன் என்னைவிடப் பெரிய பாஸ்டராக வரட்டும்.' கடைசி வாக்கியம் உள்ளே வரவே நெடுநேரம் ஆனது. ஆனாலும் வந்தது. யார் காதிலும் விழாமல், இன்னொருவர் நன்மைக்காக நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த நாள் பிள்ளை பாலுக்கு அழுதது. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி. அவர்கள் கைக்கு மேலே இருந்த கைக்குக் கோடி ஸ்தோத்திரம்.

ஸ்தோத்திரக் கூட்டத்தில் ஸ்டீபன் உபவாசமிருந்த சபைக்கு நன்றி சொன்னான். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய ஆட்டோக்காரருக்கும் சொன்னான். என்னைப் பற்றி, "அத்தான் கூட உக்காந்திருந்தாங்க" என்று மட்டும் சொன்னான். எழுந்து நின்று 'நானும்தானய்யா ஜெபித்தேன்' என்று கத்தலாம் போல இருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டவனும் நான்தானே. இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன், அதையும் ஆண்டவர் மன்னிப்பாராக.

ஸ்டீபனுக்கு இந்த ஆண்டு குருப்பட்டம். எனக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கிறது என்கிறார் டேவிட் பாஸ்டர். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வலிக்கும்போதெல்லாம் முதலில் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். இப்போது வீடுகளில் ஜெபிக்க எனக்கு அனுமதி உண்டு. முன்பு மாதிரி யாரும் அழுவதில்லை. ஆனால் இரண்டாம் முறையும் கூப்பிடுகிறார்கள், மனதில் கிடப்பதைக் கொட்டுகிறார்கள்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் ஒருவர் இருப்பார், பெயரைக் கேட்டாலே வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறவர். இன்று அவருக்காக ஜெபித்துப் பாருங்கள். மனதார வராது, பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும். அப்படியே வரட்டும். நான் பல்லைக் கடித்துச் சொன்னதைக்கூட ஆண்டவர் கேட்டார். அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறாள்.