மாடு மேய்க்க என்ன லாயக்கு வேண்டும்?

போன வாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ். பக்கத்து சீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே வந்தார். சம்பந்தி வீட்டுப் பஞ்சாயத்து. கண்டக்டர் முதல் கடைசி சீட்டுக் கைக்குழந்தை வரை எல்லோரும் தீர்ப்பு சொல்லத் தயாராகிவிட்டோம்.

“காதுல வெச்சிப் பேசுப்பா. மானம் போவுது” என்றார் முன் சீட்டுப் பெரியவர்.

எனக்கு மட்டும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரில் மானம் போவது எப்படி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த பஸ்ஸில் இருந்திருக்க முடியாது...

பள்ளிகள் மூடிக் கிடந்த கொரோனா காலம் அது. நான் டவுன் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பில் டவுன் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் குரூப் போட்டாயிற்று. ஹாஸ்டல் மூடியதும் கல்வராயன் மலைக்குத் திரும்பிப் போன பிள்ளைகளுக்கு? அங்கே ஸ்மார்ட்போன் ஏது... சிக்னல்தான் ஏது?

பட்டன் போன் இருந்தது. பட்டன் போனில் கான்ஃபரன்ஸ் கால் இருந்தது. போதாதா?

ஐந்து போன், ஐந்து இடம். ஒவ்வொரு போனையும் சுற்றி, அடுப்பைச் சுற்றிக் குளிர் காய்வதுபோல நாலைந்து பிள்ளைகள். என் வகுப்பறைக்கு அப்போது சுவரே கிடையாது. ஒரு லைனில் தையல் மிஷின் கடகடக்கும். ஒன்றில் குக்கர் விசிலடிக்கும். இன்னொன்றில் காற்று... அது கரியாலூருக்கு மேலே ஒரு குக்கிராமத்தின் பாறை. அந்தக் குக்கிராமத்துக்கு அங்கே மட்டும்தான் சிக்னல். மாடு மேய்க்கிற பொன்னன் தன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாறைமேல் வைத்துவிடுவார். அவர் மகள் கோகிலாவும் இன்னும் நாலு பையன்களும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். நான் சூத்திரம் சொல்ல, மாட்டு மணிகள் தாளம் போடும். மேகம்கூட நின்று கேட்டுவிட்டுப் போயிருக்கும், யார் கண்டது?

பாடம்: ஒன்றுக்கு ஒன்று சார்பு. இந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அந்தக் கூட்டத்தில் தனியாக ஒரு ஜோடி. ஒரே ஜோடியை இருவர் பங்கு போடக் கூடாது. அந்த ஜோடிக்குப் பெயர் நிழல் உரு. அவ்வளவுதான். மூன்று நாளாகச் சொல்கிறேன்... ஸ்மார்ட்போன் இல்லாததால் டவுனிலிருந்து இந்த லைனில் சேர்ந்திருந்த தினேஷுக்கு ஏறவில்லை. தொண்டை வறண்டு போய், இருபது வருடப் பழக்கத்தில், வாய் தானாக உதிர்த்தது.

“நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு.”

பாறை லைனில் மணி கிணுகிணுத்தது. பிறகு ஒரு குரல்... நிதானமாக.

“டீச்சர், ஒரு சந்தேகம். மாடு மேய்க்க இன்னா லாயக்கு வோணும்? நான் இருவது வருஷமா மேய்ச்சிகினு கீறேன். யாரும் சொல்லித் தரல.”

நான் மன்னிப்புக்கு வாய் திறப்பதற்குள் பொன்னன் மகள் பக்கம் திரும்பிவிட்டார்.

“கோகிலா, பொஸ்தகத்த மூடு. நாளைலேர்ந்து மாட்டுக் கோலப் புடி.”

லைன் கட்.

மூன்று நாள் அந்த போன் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஊரில் பத்தாம் வகுப்பைத் தொட்ட முதல் பெண் கோகிலா. மாட்டின் பின்னால் போன பிள்ளை மறுபடி புத்தகத்துக்குத் திரும்பிய கதையை நான் அதிகம் பார்த்ததில்லை. நேரில் போய் நிற்கலாமென்றால் பஸ் இல்லை, மலையடிவாரத்தில் செக்போஸ்ட். கடைசியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற மலைக்குப் போகும் வேன் டிரைவரைப் பிடித்தேன். பொன்னனிடம் சொல்லச் சொன்னேன்: டீச்சர் உங்களிடம் மன்னிப்பு கேட்க நினைக்கிறாராம், போனை மட்டும் ஆன் செய்யுங்கள்.

மறுநாள் காலை பொன்னனே கூப்பிட்டார்.

“எல்லாரையும் லைன்ல போடுங்க டீச்சர். எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. எல்லாரு முன்னாடியும் பேசுவோம்.”

போட்டேன். விஷயம் அதற்குள் பரவியிருந்தது போல... ஐந்து லைனிலும் அம்மா அப்பாக்கள் இருமுவது கேட்டது. மன்னிப்பு கேட்டேன். மழுப்பாமல், முழுசாக.

“அதுல்லாம் வோணாம். நான் ஒரு கணக்கு கேக்கறேன். லாயக்கு கீதான்னு பாத்துக்கலாம்” என்றார் பொன்னன். “பதினாறு மாடு. மழை வந்துகினு கீது. எல்லாம் கீதா, எது காணோம்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?”

“எண்ணுவேன்.”

“நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள மழை பேஞ்சே வுட்டுடும். செரி, பதினஞ்சுன்னு வந்துச்சி. எது காணோம்?”

தையல் மிஷின் லைனில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“எண்ணவே கூடாது டீச்சர். ஒவ்வொரு மாட்டுக்கும் கூட மேய ஒரு கூட்டாளி கீது. கறுப்பிக்கு செவலை. கொம்பனுக்கு மொட்டச்சி. எது ஒண்டியா நிக்கிதோ, அதோட கூட்டாளிதான் காணோம்.”

பாறை லைனில் ஒரு சின்னக் குரல் குறுக்கே பாய்ந்தது. கோகிலா.

“டீச்சர்... இது ஒன்றுக்கு ஒன்று சார்பு டீச்சர். செவலை, கறுப்பியோட நிழல் உரு.”

“அட, புரிஞ்சிடுச்சி டீச்சர்” என்றான் தினேஷ்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து கூடத்தில் ஒரு சுற்று சுற்றினேன். என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். மூன்று நாள் நான் கத்தியது ஏறவில்லை... இரண்டு மாடு ஏறி மிதித்ததும் பதிந்துவிட்டதே.

அன்றிலிருந்து தினமும் ஒரு வீட்டிலிருந்து ஒரு கணக்கு. தையல்கார அம்மா பிளவுஸ் துணியில் கேட்டார். லோடு வண்டிக்காரர் மூட்டையில் கேட்டார். பிள்ளைகளுக்கு முன்னால் அம்மாக்கள் பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் — “யம்மா, நீ சும்மா இரு, இது என் கிளாஸு.” அறிவியல் சாரும் தன் வகுப்பை ஸ்பீக்கருக்கு மாற்றினார். ஊரே கேட்கிறதே... தயார் செய்யாமல் யார் வாயைத் திறப்பது?

பிறகு ஒரு நாள் டிவியில் செய்தி. தேர்வு கிடையாது, எல்லோரும் பாஸ். டவுனில் பட்டாசு. எனக்கு வந்த முதல் போன் மலையிலிருந்து.

“இன்னா டீச்சர் இது? எல்லாரும் பாஸுன்னா, மேல படிக்க வெக்கலாமா வோணாமான்னு நான் எத வெச்சி முடிவு பண்றது? அவ மாமன் வேற கல்யாணத்துக்கு அவசரப்படறான்.”

அரசாங்கம் ரத்து செய்த தேர்வை ஒரு தகப்பன் கேட்கிறார். நடத்தாமல் இருக்க முடியுமா? கேள்வித்தாள் கிழங்கு வேனில் ஏறியது. பொன்னன் பாறையில் நின்று சூப்பர்வைஸ் செய்தார். மாடுகள் பிட் அடிக்கவில்லை என்று உறுதியளித்தார். விடைத்தாள்கள் அதே வேனில் இறங்கின, திருத்தி ஏற்றினேன். கோகிலாவுக்கு எண்பத்தொன்று.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் மணியடித்தது.

“டீச்சர், பக்கம் பக்கமா மார்க்க படிக்கச் சொல்லி, கல்லு வெச்சி கூட்டிப் பாத்தேன். எண்பத்தேழு வருது. ஆறு மார்க்க வுட்டுட்டீங்க.”

என் கூட்டல் தப்பு. கணக்கு டீச்சரின் கூட்டல். மானம் போயே போயிற்று... ஆனால் இந்த முறை எனக்கு ஆட வேண்டும் போலிருந்தது.

“கோகிலாவுக்குப் பதினொண்ணுல கணக்கு குரூப்பு ஃபாரம் ஒண்ணு எடுத்து வைங்க டீச்சர்.”

“வைக்கிறேங்க. அந்த ஆறு மார்க் எங்கேங்க இருந்தது?”

“நாலாம் பக்கத்துல. ஒண்டியா மேஞ்சிகினு இருந்துச்சி.”