மகன் வாங்கிய விதைப்பூண்டு

காரில் மகன் இருந்தான், ஸ்டியரிங்கில். பக்கத்தில் மருமகள். பின்னால் குழந்தை சீட்டில் பெல்ட் போட்டுப் பேத்தி, மூன்று வயது. அவளுக்குப் பக்கத்தில் நான். வேறு யாரும் இல்லை.

நான் லாரி ஓட்டியவன். நாமக்கல்லில் ஏறினால் நாக்பூர் தாண்டிப் போவேன். மகன் இருக்கும் இந்தத் தென்கோடி நாட்டுக்கு வந்ததிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஒரு தடவை கேட்டேன். "வேணாம்ப்பா, இன்சூரன்ஸ் பிரச்சினை" என்றான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தால் ரோடு சரியாகத் தெரியாது. முன்சீட்டின் முதுகுதான் தெரியும்.

அது ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஊரில் தார் உருகுகிற மாதம். இங்கே ஸ்வெட்டரை வெளியே எடுக்கிற மாதம்.

முதலில் ஏவன்டேல் சந்தைக்குப் போனோம். முள்ளங்கி, கீரை, பச்சை மிளகாய் எல்லாம் வாங்கிய பிறகு மகன் ஒரு கடையில் நின்றுவிட்டான். பெரிய பெரிய பூண்டு. ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்து வாங்கினான். எனக்கு ஆச்சரியம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். தட்டில் வந்தால்தான் அவனுக்குக் கத்தரிக்காய் தெரியும்.

"சூப்பர் மார்க்கெட் பூண்டு முளைக்காதாம்ப்பா. இதுதான் விதைக்கு. நீங்க நடுங்க. பொழுது போகும்ல."

"சரி" என்றேன்.

பிறகு இலை பார்க்கப் போனோம்.

"இலையை என்னம்மா பார்க்கிறது?" என்று மருமகளைக் கேட்டேன்.

"கலர் மாறியிருக்கும் மாமா. இங்க எல்லாரும் போவாங்க."

பார்க்கில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றது. கூட்டம் கூட்டமாக வந்து போட்டோ எடுத்தார்கள். பேத்தி இலையை அள்ளி என் மேல் போட்டாள். "தாத்தா, கேட்ச்!" பிடித்தேன். "சிரிங்கப்பா" என்றான் மகன், போனை நீட்டிக்கொண்டு. சிரித்தேன்.

ஜூனில் எனக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது. என் மனைவி கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அங்கே கைக்குழந்தை. அவள் அங்கே, நான் இங்கே. பிள்ளைகள் வேலைக்குப் போகிறவர்கள், எங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குறையாகச் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் பல வீட்டில் இதுதான் நடக்கிறது. ஜூனில் மகளின் மாமியார் வந்து குழந்தையைப் பார்ப்பார். என் மனைவி நாமக்கல் வீட்டைத் திறப்பாள். நானும் போய்ச் சேருவேன். அதுதான் பேச்சு. அதை நினைத்துத்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளினேன்.

மகன் வீடு கிளென் ஈடன் என்கிற புறநகரில். திங்கள் முதல் வெள்ளி வரை நானும் பேத்தியும் மட்டும். குழந்தையை விட்டு வெளியே போக முடியாது. கூட்டிக்கொண்டு போனால் முனையில் இருக்கும் டெய்ரி வரைக்கும்தான். பாலும் ரொட்டியும் விற்கும் சின்னக் கடை அது. அதற்கு அப்பால் பஸ் வரும். எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாது. கேட்கிற அளவு இங்கிலீஷ் கிடையாது. அதனால் பின்பக்கத் தோட்டம். மூன்று பக்கமும் பலகை வேலி, என் தலைக்கு மேல் உயரம். ஒரு பக்கத்தில் இரண்டு பலகை போய்விட்டது. அந்தச் சந்துதான் ஜன்னல்.

அந்த மாதம் தோட்டத்தில் வேலை இருந்தது. தக்காளிச் செடி கறுத்துப்போய் நின்றது. பிடுங்கினேன். அவரைக் கொடியை அறுத்தேன். கம்புகளைக் கழுவி அடுக்கினேன். கறிவேப்பிலைத் தொட்டியை ஹாலுக்குள் தூக்கி வைத்தோம். குளிருக்கு அது வெளியே தாங்காதாம். ஆட்டுப் புழுக்கையைப் பையில் அடைத்து விற்கிறார்கள், மகன் வாங்கி வந்தான். விலையைச் சொன்னான். கொட்டிக் கொத்திவிட்டேன்.

சந்தைக்குப் போன மறுநாள் மண் தயார். புல்லில் உட்கார்ந்து பூண்டைப் பல் பல்லாகப் பிரித்தேன். பிறகு உரித்தேன். அந்த வீட்டில் தினமும் சமையலுக்குப் பூண்டு உரிப்பது என் வேலை. கை தானாக உரித்தது. ஒரு கிண்ணம் நிறைந்துவிட்டது.

வேலிச் சந்தில் பக்கத்து வீட்டம்மா முகம் தெரிந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து ரொம்ப வருடம். கையில் ஒரு வாளி பெய்ஜோவா. பச்சையாகக் கொய்யா மாதிரி இருக்கும், கொய்யா இல்லை. இந்தக் காலத்தில் அவர் மரத்தடி முழுக்க அதுதான் கிடக்கும்.

"அண்ணை, இதைப் பிள்ளைக்குக் குடுங்கோ. விழுந்து விழுந்து வீணாப் போகுது" என்றவர், கிண்ணத்தைப் பார்த்தார். "என்ன, இண்டைக்குப் பூண்டுக் குழம்போ?"

"இல்லம்மா. நடப் போறேன்."

"ஐயோ! உரிச்சோ நடப் போறியள்?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்தக் குளிருக்க உடுப்பில்லாமல் விடப் போறியளே அதுகளை? தோலோட நடவேணும் அண்ணை. உரிச்சது அழுகிப் போகும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. "லாரிக்காரனுக்கு என்னம்மா தெரியும்? நல்லவேளை சொன்னீங்க. மிச்சத்தை உரிக்காம நட்டுடறேன். நான் கிளம்புறதுக்குள்ள ரெண்டு பூண்டாவது பிடுங்கணும்."

"எப்ப போறியள்?"

"ஜூன்ல."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஜூனிலயோ? அது மாரி முழுக்க மண்ணுக்கதான் கிடக்கும். டிசம்பரிலதான் கிண்டலாம், கிறிஸ்மஸ் நேரம். மகன் சொல்லேல்லையோ?"

"அப்படியா" என்றேன்.

"ஓம் அண்ணை." வாளியைச் சந்து வழியாகத் தள்ளிவிட்டுப் போனார்.

பூண்டை அழுத்திப் பார்த்து வாங்கியவனுக்கு, அது என்றைக்கு விளையும் என்று தெரியாமலா இருக்கும்? அன்றைக்கு நடவில்லை. உரித்த பூண்டை அடுப்படியில் வைத்தேன். பேத்திக்குப் பெய்ஜோவாவை வெட்டி ஸ்பூனால் கொடுத்தேன். "மோர், தாத்தா" என்றாள். கொடுத்தேன்.

சாயங்காலம் மகன் வந்து ஷூவைக் கழற்றினான்.

"பூண்டு டிசம்பர்லதான் எடுக்கணுமாமே" என்றேன்.

ஒரு ஷூவோடு நின்றான். "ஆமாப்பா."

"என் டிக்கெட் ஜூன்."

அடுப்படியில் மருமகள் குழாயை மூடினாள்.

"தேதியை மாத்திக்கலாம்ப்பா. விசாவும் நீட்டிக்கலாம், விசாரிச்சிட்டேன். ஜூலைல இவளுக்குப் பெரிய வேலை தர்றாங்க. டேகேர்ல இடம் இல்ல. சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அதுக்குப் பூண்டு வாங்கினியா?"

அவன் குனிந்து இன்னொரு ஷூவைக் கழற்றினான்.

"உங்கம்மா?"

"அக்கா பேசிட்டா. அக்கா மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், அவங்களால வர முடியல. அம்மாவும் டிசம்பர் வரை அங்கதான். அம்மா சரின்னுட்டாங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றாள் மருமகள். கண் கலங்கியிருந்தது. பொய்க் கண்ணீர் இல்லை. அவளும் என்ன செய்வாள். அவளைப் பெற்றவர்கள் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டிருப்பாள்.

பேத்தி என் பாதத்தின் மேல் உட்கார்ந்து காலைக் கட்டிக்கொண்டாள். நடந்தால் அவளையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அது அவளுக்கு விளையாட்டு. அப்படியே ஹாலில் ஒரு சுற்று நடந்தேன்.

"சரி" என்றேன்.

மறுநாள் நட்டேன். தோலோடு, கூர்முனை மேலே, விரல் ஆழம். மண்ணை மூடினேன். உதிர்ந்த இலைகளைக் கூட்டி மேலே பரப்பினேன். பேத்தி பூவாளியால் தண்ணீர் விட்டாள், பாதி என் கால் மேல்.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். அங்கே அப்போது காலை.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"பையன் சொன்னான், உங்ககிட்ட பேசிட்டேன்னு. கோவமா?"

"இல்ல."

"நான் என்னங்க பண்றது? நம்ம பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. அழறா. எப்படி விட்டுட்டு வர்றது?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க எதைத்தான் சொல்லியிருக்கீங்க" என்றாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். தோளில் போட்டுத் தட்டுகிறாள் என்று தெரிந்தது. போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அவன் வாங்கின பூண்டு நட்டாச்சா?"

"ஆச்சு."

"எத்தனை பல்லு?"

"முப்பத்தெட்டு" என்றேன்.