செத்த முடிகள் வளர்ந்த பதினைந்து நாள்

மகளுக்கு ஒன்றரை வயதானபோது என் தாடையில் முடி முளைக்கத் தொடங்கியது. மூன்று வயதில் அவள் கன்னத்தைப் பின்னுக்கு இழுத்து, "குத்துதும்மா" என்றாள். அதன்பின் அவளை முகத்தோடு சேர்த்துக் கொஞ்சுவதை விட்டுவிட்டேன். உறக்கத்தில் மட்டும் அவள் கை தானாக என் தாடைக்கு வந்து அந்த முடியைத் தடவும். அழகுக்கா இத்தனை வைத்தியம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பாளையங்கோட்டை டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, சினைப்பை நீர்க்கட்டி (கருமுட்டைப் பையில் சிறு கட்டிகள், ஆண்களுக்குரிய ஹார்மோன் கூடிவிடும்) என்றார். மாத்திரையில் புது முடி குறைந்தது, இருந்தது போகவில்லை. முடி நீக்கும் லேசர் அப்போதுதான் வந்திருந்தது. சென்னைக்குப் போனோம்.

விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதுபோல, வெட்கத்தில் ஒரு முடி விடாமல் பிடுங்கிவிட்டுப் போனேன். டாக்டர் சிரித்துவிட்டார்.

"இந்த ஒளி கறுப்பைத் தேடித்தான் போகும்மா. வேர் சூடாகிக் கருகணும். வேரையே எடுத்துட்டு வந்தா எதைப் பிடிக்கும்?"

நம் தோலும் கறுப்புதான், புண்ணாகலாம். அதனால் முதலில் ஓரிடத்தில் சோதிப்பேன் என்றார். ஆறு வாரம் பிடுங்கக் கூடாது, மழிக்கலாம்.

ஊரில் அம்மா கொதித்தாள். "தாலி கட்டினவ மூஞ்சில கத்தி வைக்கதா? புருசனுக்கு ஆகாது, ஏட்டி!"

"எனக்கு ஒண்ணும் ஆகாது அத்த. பிளேடை மட்டும் மாத்தி வைக்கச் சொல்லுங்க" என்றார் கணவர்.

சிரித்தேன். ஆனால் சோப்பு நுரையோடு கண்ணாடியில் நின்றது, இறந்துபோன என் அப்பா.

ஆறு வாரம் கழித்துச் சென்னையில் லேசர் வைத்தார்கள். ஒவ்வொரு சொடுக்கும் ரப்பர் பேண்டால் அடித்ததுபோல் சுரீரென்றது. அறையெங்கும் தீய்ந்த முடி வாடை.

பிறகு நடந்ததை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் முடி மறுபடி நீண்டது. போனில் அழுதேன்.

"அது வளரலைம்மா. செத்த முடியைத் தோல் வெளியே தள்ளுது" என்றார் டாக்டர்.

பதினைந்து நாள் செத்தவற்றை முகத்தில் சுமந்துகொண்டு வகுப்பெடுத்தேன். லேசர் பட்ட தோலுக்கு வெயில் ஆகாதென்று, ராதாபுரம் பஸ்ஸில் வெயில் படாத பக்கமாக உட்காருவேன். ஒரு காலை முகத்தைத் துடைத்தபோது எல்லாம் துண்டோடு வந்துவிட்டன. வலியே இல்லை.

எல்லா வேரும் ஒரே சமயத்தில் விழித்திருப்பதில்லை. ஆறு முறை போனேன். அடியோடு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு இன்னும் ஒன்றிரண்டு வருகின்றன.

கடைசி முறைக்குப் பின் ஒரு ஞாயிறு மதியம், மகளைக் கன்னத்தோடு கன்னம் வைத்து உறங்கவைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அரைத்தூக்கத்தில் அவள் கை என் தாடையைத் தடவியது. இன்னொரு முறை தடவியது. கண்ணைத் திறக்காமலே அழத் தொடங்கினாள்.

"அம்மாட்ட போணும்."

"அம்மாதாம்ட்டி, இங்கன பாரு" என்றேன். என் கையும் தாடைக்குப் போயிற்று. அவளைக் குறை சொல்ல முடியவில்லை.